பேர் போடாத செய்தி

செசிலியக்காவைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். யாரோடும் ஒட்ட மாட்டாள் என்பார்கள். கல்யாணம் ஆகாததால் அப்படி ஆகிவிட்டாள் என்று, கல்யாணம் ஆகி அதைவிட மோசமாக ஆனவர்கள்கூடச் சொல்வார்கள். இதையெல்லாம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து வக்கீல்களுக்கு டைப் அடிக்கிறாள். பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். ஆனால் வருஷக்கணக்காகச் சனிக்கிழமைதோறும் அவள் முன்னால் போய் உட்கார்ந்தவள் நான். ஊர் சொன்னது போதும், எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சூசைக்குக் கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை. அவரை வேலைக்கு அனுப்பியது கோட்டாற்றில் இருந்த ஞானசிங் என்பவரின் ஏஜென்சி. கீழே மொத்தப் பலசரக்குக் கடை, மேலே ஆபீஸ். வற்றல் மிளகாய் மூட்டைகளைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் நாலு தும்மல் தும்மிவிடுவோம். தும்மல் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று செசிலியக்கா சொல்லிவிடுவாள்.

அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அக்கா திருத்துவாள்.

"இது கம்ப்யூட்டர் இல்லட்டி. இதுக்கு மூள கிடையாது. கண்ணும் கையும் மட்டுந்தான். டெர்மினல்னு பேரு."

கறுப்புத் திரை, பச்சை எழுத்து, முன்னால் ஒரு கீபோர்டு. அதிலிருந்து ஒரு வயர் பக்கத்து ஸ்டூலில் இருந்த தகரப் பெட்டிக்குப் போகும். பேட் என்பது அதன் பெயர். நாங்கள் பேடுப்பெட்டி என்போம். அதிலிருந்து போன் கம்பி வழியாகப் பம்பாயில் இருந்த பெரிய ஆபீசுக்குத் தொடர்பு. எல்லா இடத்திலும் இன்டர்நெட் வந்த பிறகும் அந்தக் கம்பெனி அந்தப் பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதது.

அந்தப் பெட்டியின் குணத்தைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அக்கா அடிக்கிற எழுத்து ஒவ்வொன்றும் உடனே பம்பாய்க்கு ஓடிவிடாது. பெட்டி அதை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். டெம்போக்காரன் ஆள் சேராமல் வண்டி எடுக்க மாட்டான் இல்லையா, அதே கதைதான். எண்டர் கட்டையை அமுக்கினால்தான் அதுவரை சேர்ந்ததை ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்பும். அமுக்குகிறவரை சொன்ன சொல் கோட்டாற்றிலேயே கிடக்கும். வேண்டாம் என்று தோன்றினால் ஒரே தட்டில் முழுசையும் அழித்துவிடலாம். பம்பாய்க்கு ஒன்றும் தெரியாது.

வாரத்துக்கு ஒரு தடவை, குடும்பத்துக்கு இரண்டு வரி, கம்பெனி செலவில். முதலில் கப்பல் பேர், பிறகு ஆள் பேர், பிறகு விஷயம். தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். பம்பாயில் ஓர் ஆள் அதைக் காகிதத்தில் பார்த்து அந்தந்தக் கப்பலுக்குத் தந்தி மாதிரி அனுப்புவான். கப்பலில் சாப்பிடுகிற இடத்தில் ஒரு போர்டு, அதில் ஒட்டுவார்கள்.

சனிக்கிழமை காலையில் நாங்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். "என்ன சொல்லணும்?" என்பாள் அக்கா. நாங்கள் ஆற்று வெள்ளம் மாதிரி கொட்டுவோம். நாத்தனார் சண்டை, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்தியது எல்லாம் வரும். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இரண்டு வரியில் அடிப்பாள். அடித்ததைச் சத்தமாக வாசிப்பாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "ஏட்டி, நீயே அமுக்கு. வீட்டுக்காரி வெரலு பட்டுப் போகட்டும்" என்பாள். நாங்கள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எண்டரை அமுக்குவோம். இது அவளாக ஏற்படுத்திய வழக்கம். எங்களுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ஆனால் ஒன்று. பெஞ்சு முழுக்க ஆள் கேட்டுக்கொண்டிருக்கும்போது புருஷனிடம் யார் கொஞ்சுவாள்? நானா? என் செய்தியெல்லாம் இப்படித்தான் இருக்கும்: கூரை ஒழுகுது. கூரை சரியாச்சு. மகள் ஹாஸ்டல்ல சுகம். ஒரு தடவை "சீக்கிரம் வாங்க" என்று சேர்க்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். பக்கத்தில் ஷீஜா இருந்தாள். அவள் வாயில் விழுந்தால் பிறகு கடற்கரையில் நடக்க முடியாது. ஆகவே சேர்க்கவில்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரு தம்பி குவைத்தில், இன்னொருவன் சென்னையில். இரண்டு பேரையும் படிக்கவைத்தது இவள் சம்பளம். அவர்கள் பறந்துவிட்டார்கள். இவள் சவேரியார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். ஒரு கிறிஸ்துமசுக்கு, தனியாக இருப்பவர்களைச் சந்திக்கிறோம் என்று அன்பியம் என்ற கோயில் குழுப் பெண்கள் கேக்கும் அரிசியும் கொண்டுபோனார்கள். "எனக்கு வேலயிருக்கு, கையிருக்கு, காலிருக்கு. பாவம் பாக்க வேற ஆளத் தேடுங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்துதான் தலைக்கனம் என்ற பேர். அவளுக்கு எது வேண்டுமானாலும் பொறுக்கும், 'பாவம்' என்ற ஒரு சொல் மட்டும் பொறுக்காது. நானும் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன்.

பிறகு அந்தக் கடல் வந்தது. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கரைகளில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்ல எனக்கு வாயும் வராது. போன் எதுவும் கிடைக்கவில்லை. தனிக் கம்பி என்பதால் பேடுப்பெட்டி மட்டும் ஓடியது. எல்லாக் கப்பலிலிருந்தும் பேர் பேராகக் கேள்வி வந்தது: அம்மா இருக்காவளா, பொண்டாட்டி இருக்காளா, பிள்ள இருக்கா. பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தங்கியிருந்தவர்களிடம் ஆள் அனுப்பி விசாரித்து, அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் அடித்தாள். "இருக்காவ" என்று அடிக்க முடிந்ததை அடித்தாள். அடிக்க முடியாததைத் தனியே எடுத்துவைத்து, பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொல்லச்சொல்ல அடித்தாள். விரல்கள் வீங்கிப்போய்க் கஞ்சிக் கிண்ணத்தைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்ததை நான் பார்த்தேன்.

எங்கள் எல்லோர் பேருக்கும் கேள்வி வந்தது. செசிலி இருக்காளா என்று ஒரு கப்பலிலிருந்தும் வரவில்லை. எப்படி வரும்? அவளுக்குக் கப்பலில் யார்? குவைத் தம்பி நாலு நாள் கழித்து ஆபீசுக்குப் போன் போட்டு, ஊரில் இருக்கும் வீட்டுப் பத்திரம் நனைந்ததா என்று கேட்டானாம். நனையவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. இதை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் எல்லோரும் இறங்கிப் போய்விடுவோம். ஞானசிங் சாப்பிடப் போவார். அக்கா தனியாக இருப்பாள். தம்பி போன் போட்ட அந்த வாரம், கப்பல் பேர் போடாமல், ஆள் பேர் போடாமல், ஒரு வரி அடித்தாளாம்: "நான் இருக்கேன். ஒண்ணும் ஆகல்ல." கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்துவிட்டாளாம். எண்டர் அமுக்கவில்லை. மனசு லேசானது போல இருந்ததாம்.

அடுத்த சனிக்கிழமையும் ஒன்று அடித்தாள். பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. காலை முழுக்க ஊர்ப் பெண்களின் பேச்சைப் புருஷன்மாருக்கு அடிக்கிறவள், மத்தியானம் தன் பேச்சை அடித்தாள். யாருக்கு? "ஆருக்குன்னு கேக்காதட்டி. எனக்கே தெரியாது" என்றாள். 'நீங்க' என்று போட்டு அடிப்பாளாம். அந்த 'நீங்க' என்ற இடத்தில் முகம் கிடையாது. அடித்து, பார்த்து, அழித்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விடுவாள். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் செத்துவிடுவாள் என்றுதான் நான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

கடல் வந்ததற்கு அடுத்த வருஷம் ஐப்பசியில் ஓர் இடி. கோட்டாற்றில் பாதி வீட்டு டிவி போயிற்று, பேடுப்பெட்டியும் கருகிப்போயிற்று. பம்பாயிலிருந்து வேறொரு பெட்டி, எங்கேயோ ஓடிக் கழித்தது, பார்சலில் வந்தது. டெலிபோன் லைன் வேலை தெரிந்த சுஜித் என்ற பையனை வைத்து மாட்டினார்கள். விளக்கு எரிந்தது, செய்தி போயிற்று, அவனும் போனான்.

புதுப் பெட்டிக்கு வேறொரு குணம் இருந்தது. எண்டர் அமுக்கினாலும் அனுப்பும். அமுக்காவிட்டாலும், அடிக்கிற கை கொஞ்சம் நின்றால் போதும், அதுவரை சேர்ந்ததைத் தானாகக் கட்டி அனுப்பிவிடும். ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நேரமானால் வண்டி எடுக்கிற டிரைவர் அது. அந்தப் பெட்டியை முன்னால் வைத்திருந்த இடத்தில் அப்படித்தான் அமைத்திருந்தார்கள்; அதை யாரும் மாற்றவில்லை. சுஜித்துக்கே இது பிறகுதான் தெரிந்தது. காலையில் நாங்கள் வழக்கம்போல எண்டரை அமுக்கிக்கொண்டிருந்தோம், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மத்தியானம் அக்கா வழக்கம்போல அடித்துவிட்டு, பார்த்துவிட்டு, அழித்தாள். திரையில் அழிந்தது. சொல் போய்விட்டிருந்தது.

பம்பாயில் இருந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. கப்பல் பேர் இல்லாமல் வந்தால் அது பொது அறிவிப்பு, எல்லாக் கப்பலுக்கும் அனுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். அவன் சட்டப்படி செய்தான். செசிலியக்கா யாருக்கும் சொல்லாத பேச்சு, வாரம் தவறாமல், கம்பெனியின் எல்லாக் கப்பலிலும் போர்டில் ஏறியது.

இது ஒன்றும் தெரியாமல் நான் இங்கே கூரையைப் பற்றிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரிடமிருந்து பதில் வந்தது: "உன் செய்தி கிடைத்தது. மிகவும் சந்தோஷம். மனசு நிறைந்தது." கூரைக்கு ஓடு மாற்றியதற்கா இந்த மனுஷன் இப்படி உருகுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். "ஷெர்லி, அடுத்து கக்கூஸ் கதவ மாத்தினதச் சொல்லு, மயங்கி விழுந்திருவாரு" என்றாள் ஷீஜா.

மறு வருஷம் ஆனி மாசம் அவர் லீவில் வந்தார். நல்ல மழை. வழக்கமாக வந்தவுடன் பெட்டியை வைத்துவிட்டு, சாளை மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்கிற ஆள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் தட்டிலிருந்து பொரித்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. உடம்புக்கு ஏதாவது பெரிய சீக்கோ, ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"என்னவாக்கும் விஷயம்? சொல்லித் தொலைங்க."

"ஒண்ணுமில்ல. இவ்வளவு வச்சிருந்தியே மனசுல, நேர்ல சொல்லத் தெரியல்ல பாரு உனக்கு."

"எவ்வளவு வச்சிருந்தேன்?"

"வாசல் வெளக்க அணைக்கல்லன்னு போட்டிருந்தியே."

"நானா? ராத்திரி முழுக்க வெளக்கு எரிஞ்சா கரண்டு பில்ல உங்க கப்பல் கேப்டனா கட்டுவாரு?"

அவர் சிரித்தார். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மனப்பாடமாக வைத்திருந்தார். "மழ வந்தாச்சு, நீங்க நனையாம இருங்க." "சாள வாங்கினேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு வைக்கன்னு இன்னும் கை பழகல்ல." "காச்சல் விட்டாச்சு, கேக்க ஆளில்லாட்டாலும் சொல்லணும்னு தோணிச்சு." பேர் போடாமல் வந்ததாம். கப்பலில் இருந்த நம் ஊர் ஆட்கள் மூன்று பேரும் யார் வீட்டுச் செய்தி என்று பேசிப்பேசிப் பார்த்தார்களாம். மற்ற இரண்டு பேர் வீடும் ஆள் நிறைந்த வீடு. மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒற்றைக்கு இருப்பவள் நான்தான். அதனால் இது ஷெர்லிதான் என்று முடிவு பண்ணிவிட்டார்களாம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எவளோ ஒருத்தி என் புருஷனுக்குச் சாளைக் கணக்குச் சொல்கிறாளா? "ஆரு அவ? எந்தத் துறைமுகத்துக்காரி?" என்று கையில் இருந்த அகப்பையை வீசினேன். நல்ல வேளை, அவர் மேல் படவில்லை. அவர் திகைத்துப்போய், "இது மட்டும் நீ எழுதாததா?" என்று இன்னொன்றைச் சொன்னார்.

"கதவுக்கு உள்தாழ்ப்பாள் இப்ப போடல்ல. எனக்கு என்னமும் ஆச்சுன்னா, வருதவிய உடைக்காண்டாம், தள்ளினா போதும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஈஸ்டருக்கு முன்னால் நோன்பு காலத்தில் ஒரு நாள் நான் சவேரியார் கோயிலுக்குப் போனபோது செசிலியக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டக் கை வைத்தேன், கதவு தானாகத் திறந்தது. உள்ளே அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். "தாழ்ப்பாள் போடாம ஒரு பொம்பள படுப்பாளா? கள்ளன் வந்தா?" என்று திட்டினேன். "கள்ளன் வந்தா ஒரு ஆளு வந்த மாதிரி இருக்கும்லா" என்று சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நானும் சிரித்தேன். நான் கஞ்சி வைத்துக்கொடுத்துவிட்டு வந்தேன்.

என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அன்று ராத்திரி நான் அழுதேன். ஒரு மனுஷி இத்தனை வருஷம் என் முன்னால் உட்கார்ந்து என் கூரை ஒழுகலைக் கேட்டிருக்கிறாள். உனக்கு என்ன சொல்லணும் என்று நான் ஒரு நாள் கேட்டிருக்கிறேனா? என் வீட்டுக்காரர் நான் ஏன் அழுகிறேன் என்று புரியாமல், பிடிபட்டுவிட்ட வெட்கம் என்று எடுத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் வாயில் சொல் நிற்காது. முதலில் அக்காவிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும், இனிமேல் அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஊருக்குத் தெரியாமல் இதை மூடிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். பாவம் என்ற சொல்லையே தாங்காதவள், இது வெளியே வந்தால் எப்படித் தாங்குவாள்?

சனிக்கிழமை, கூட்டம் வருவதற்குள் போய்விடலாம் என்று சீக்கிரமே கிளம்பினேன். பஸ் கிடைக்கவில்லை. படியேறும்போதே சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் ஷீஜா வந்திருந்தாள். அவள் புருஷனும் வேறொரு கப்பலிலிருந்து லீவில் வந்திருந்தான்.

"எவளாக்கும் அவ? எனக்கு இப்பத் தெரியணும்! நம்ம ஆம்பளைங்களுக்கெல்லாம் ஒருத்தி ஒரே செய்தியா விடுகா. வாசல் வெளக்க அணைக்கல்லியாம்! வந்தா தட்டாண்டாமாம், தள்ளினா போதுமாம்!"

பெஞ்சில் இருந்த எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். நாசமாப்போறவ, மானங்கெட்டவ என்று ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். உள் அறையிலிருந்து ஞானசிங் வந்துவிட்டார். ஷீஜா ஒவ்வொரு வரியாகச் சொல்லச்சொல்ல அவர் முகம் மாறியது. "செசிலி, இது நம்ம லைன்லேருந்துதான் போயிருக்கு. ஆரு அனுப்பினது?" என்று கேட்டார்.

அக்காவின் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. முகத்தில் ரத்தம் இல்லை. மெதுவாக நாற்காலியைத் திருப்பினாள். எங்கள் எல்லோரையும் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. வாய் திறந்தது.

பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, எழுந்துவிட்டேன்.

"நான்தான்!" என்று கத்தினேன். "நான்தானாக்கும் அனுப்பினேன். என் வீட்டுக்காரருக்கு. உங்க முன்னால சொல்ல வெக்கம், அதனால அக்காகிட்டக் கெஞ்சி எல்லாரும் போன பொறவு அடிக்கச் சொன்னேன். பேர் போடாண்டாம்னு சொன்னதும் நான்தான். அது எல்லாக் கப்பலுக்கும் போவும்னு நான் கண்டனா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. ஷீஜா தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி ஷெர்லி, கூரயப் பத்தியே சொல்லுத நீயா? உனக்குள்ளயா இம்புட்டு இருந்தது?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். கோபமெல்லாம் கேலியாகிவிட்டது. ஞானசிங், இனிமேல் கப்பல் பேர், ஆள் பேர் இல்லாமல் ஒரு எழுத்து போகக்கூடாது என்று கண்டித்துவிட்டு உள்ளே போனார். நான் வெட்கப்படுகிறவள் மாதிரி நடித்தேன். உண்மையில் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. ஒரு மனுஷியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

மத்தியானம் எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் இருந்தேன். அக்கா ஜன்னலைச் சாத்தவில்லை. டெர்மினலை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொள்வாள், நன்றி சொல்வாள், அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"எதுக்குட்டி எந்திச்ச?" என்றாள்.

"பின்ன? அவளுவ வாய்ல உங்கள விடச் சொல்லுதியளா? நாக்க வச்சே கொன்னுருப்பாளுவ. இல்லன்னா பாவம் பாவம்னு சொல்லிக் கொன்னுருப்பாளுவ."

"நான் சொல்ல வாயெடுத்தேன்."

"என்னத்த?"

"நான்தான்னு."

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், சுனாமிக்குப் பிறகு வந்த அந்தச் சனிக்கிழமையிலிருந்து. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷீஜா அந்த வரியச் சொன்னப்ப மொதல்ல எனக்கு உசிரு போச்சு. எண்டர் அமுக்கல்லியே, ஒருநாளும் அமுக்கல்லியேன்னு கிடந்து பதறினேன். பொறவு அவ ஒண்ணொண்ணாச் சொல்லுகா. அவ புருஷன் மறக்காம வச்சிருக்கான். எல்லாக் கப்பல்லயும் படிச்சிருக்காவ. நான் பேசினத ஆளுவ கேட்டிருக்கு ஷெர்லி. இம்புட்டு நாளும் கேட்டிருக்கு. எனக்குக் கண்ணு நெறஞ்சது வெக்கத்துலன்னு நெனச்சியா? சந்தோஷத்துலட்டி. மானங்கெட்டவன்னு சொல்லட்டும், பாவம்னு சொல்லட்டும், என்னமும் சொல்லிட்டுப் போட்டும், அது என் பேச்சுன்னு சொல்லிருவோம்னு வாயெடுத்தேன். நீ அதுக்குள்ள எந்திச்சு உன் பேரப் போட்டுட்ட."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உங்களுக்காகத்தானே செய்தேன், அத்தனை பேர் முன்னால் நான் கேலிப்பொருளாக நிற்கவில்லையா என்று சத்தம் போட்டேன். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சரிக்கா. அடுத்த வாரம் எல்லார் முன்னாலயும் நான் இல்லன்னு சொல்லிருகேன்."

"சொல்லாண்டாம். இப்பச் சொன்னா, ஷெர்லி புருஷனுக்கு செசிலி செய்தி விட்டாள்னு ஆவும். உன் குடும்பத்துல எதுக்கு அந்தப் பேச்சு?" எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். "வீட்டுக்குப் போ. மழ வருது."

நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் பஸ்ஸில் வரும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்குச் சொல்ல முடியாது. ஓர் ஆளுக்காவது சொல்லலாமே. அந்தச் சொற்களை வாரம் வாரம் காத்திருந்து படித்த ஓர் ஆள், கடலில் கிடந்து அதைத் தின்று உயிர் வைத்திருந்த ஓர் ஆள், என் வீட்டில் இருக்கிறாரே. அவருக்காவது அது யார் பேச்சு என்று தெரியட்டும்.

வீட்டுக்குள் நுழைந்தால் அவர் முகமெல்லாம் சிரிப்பு. ஷீஜா புருஷன் அதற்குள் போன் போட்டுச் சொல்லிவிட்டான். "கடைசில ஊரு முன்னால ஒத்துக்கிட்டியா?" என்று கேட்டார். நான் அவரை உட்காரவைத்து, ஈரச் சேலையைக்கூட மாற்றாமல், ஒன்றுவிடாமல் சொன்னேன். பெட்டி கருகியது, புதுப்பெட்டி வந்தது, சனிக்கிழமை மத்தியானங்கள், தாழ்ப்பாள் போடாத கதவு, நான் எழுந்து நின்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். "அதுல ஒரு எழுத்துகூட என்னுது இல்ல. அவ்வளவும் செசிலியக்கா பேச்சு" என்று முடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, இன்னும் எனக்கு வெட்கம் போகவில்லை என்கிற மாதிரி என் தலையில் லேசாகத் தட்டினார்.

"செசிலியா?" என்று சிரித்தார். "நல்லாத்தான் சொல்லுக. அவளுக்கு ஆரு இருக்கா, ஆருக்கு அனுப்புவா?"